சன்மானமும் சம்பளமும்

நேயர்களே, இந்த உரையை ஒலிப்பதிவு செய்வதற்கு முன்னர் நான் ஒரு தாளில் கையொப்பமிட்டேன். உரையின் தலைப்பு, நிமிடக் கணக்கு, ஒலிப்பதிவுத் திகதி, எனக்குரிய தொகை ஆகிய நான்கும் அதிலே தட்டச்சில் இருந்தன. தொகை ஒன்றும் பெரிதல்ல. எனினும் வாயைத் திறப்பதற்கு முன்பே அது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்திருந்தது. எழுதுகிறவர்கள் பலருக்கு வாழ்நாளில் கண்ட முதல் ஒப்பந்தம் வானொலியின் இந்தத் தாளாகத்தான் இருக்கும். நான் பத்திரிகைகளுக்கு எழுதத் தொடங்கி இருபத்திரண்டு வருடங்கள் ஆகின்றன. பத்திரிகை ஒன்றிடமிருந்து இப்படியொரு தாள் என் கைக்கு வந்தது பத்தொன்பதாவது வருடத்தில். அதுவும் கேட்டு, காத்திருந்து, மீண்டும் கேட்ட பின்னர்.

இலக்கியத் தொடரிலே சம்பளக் கதை எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். நம்முடைய நவீன இலக்கியத்தில் பெரும்பகுதி பத்திரிகைக் காரியாலய மேசையிலிருந்து வந்தது என்பதை அவர்களுக்கு நினைவூட்டலாம். பாரதி 1904இல் 'சுதேசமித்திர'னில் உதவி ஆசிரியராகச் சேர்ந்தவர். புதுமைப்பித்தன் 'தினமணி'யில் வேலை பார்த்தவர். நம் நாட்டில் 1930இல் தொடங்கிய 'ஈழகேசரி'யும் 'வீரகேசரி'யும், 1932இல் தொடங்கிய 'தினகர'னும் இல்லாமல் ஈழத்துச் சிறுகதை வரலாற்றை எவராலும் எழுத முடியாது. பேராசிரியர் கைலாசபதி 1959 முதல் 1961 வரை 'தினகர'னின் ஆசிரியராக இருந்த காலம் பற்றி எத்தனையோ கருத்தரங்குகள் நடந்துவிட்டன. அந்தக் காலத்தில் ஞாயிறு இதழில் ஒரு கதை எழுதியவருக்கு என்ன கிடைத்தது என்று எந்தக் கருத்தரங்கிலும் ஒருவரும் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. கேட்பது நாகரிகமில்லை என்று வைத்துக்கொண்டோம்.

இந்த நாகரிகத்தின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. எழுத்துக்குக் கிடைக்கும் பணத்தை நாம் சன்மானம் என்கிறோம். அது மரியாதை செய்து கொடுக்கும் பொருளைக் குறிக்கும் சொல். அரசன் புலவனுக்குக் கொடுத்தது சன்மானம். கோயிலில் நாதஸ்வர வித்துவானுக்குப் பொன்னாடையோடு சேர்த்துக் கொடுப்பது சன்மானம். பொன்னாடையின் முழத்தை யாரும் அளந்து பார்ப்பதில்லை அல்லவா? ஆகவே அதைக் கூட்டிக் கேட்கவும் முடியாது, எப்போது வரும் என்று விசாரிக்கவும் முடியாது. சம்பளம் வேறு. அது பிந்தினால் காரணம் கேட்கலாம். ஒரே வேலைக்கு உள்ளே இருப்பவர் பெறுவதைச் சம்பளம் என்றும், வெளியே இருப்பவர் பெறுவதைச் சன்மானம் என்றும் பெயரிட்டதோடு பேரம் பேசும் வாசல் மூடப்பட்டுவிட்டது என்பது என் எண்ணம்.

ஆங்கிலத்தில் 'ஃப்ரீலான்ஸ்' என்கிறார்கள். வால்டர் ஸ்கொட் தமது 'ஐவன்ஹோ' நாவலில், எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல் கூலி கொடுப்பவருக்காகப் போரிட்ட ஈட்டி வீரர்களைக் குறிக்க அந்தச் சொல்லைக் கையாண்டார். அந்த வீரன் கூலியை முதலில் பேசிவிட்டுத்தான் குதிரையில் ஏறினான். நாம் அதைச் 'சுதந்திரப் பத்திரிகையாளர்' என்று மொழிபெயர்த்தபோது சுதந்திரம் வந்து சேர்ந்தது. கூலி வழியில் எங்கோ விழுந்துவிட்டது.

செய்தி அனுப்பும் பிராந்திய நிருபர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அவர்களில் அநேகருக்கு மாதச் சம்பளம் கிடையாது. அச்சில் வந்த செய்திக்கு மாத்திரம், உருப்படிக் கணக்கிலோ அங்குலக் கணக்கிலோ பணம். மாத முடிவில் அடிமட்டத்தை வைத்துத் தம்முடைய செய்திகளை அளந்து, நறுக்குகளை ஒட்டி, பட்டியல் அனுப்பும் நிருபர்களை நான் பார்த்திருக்கிறேன். பத்து அங்குலமாக அனுப்பிய செய்தி கொழும்பில் மூன்று அங்குலமாகிவிட்டால் பணமும் மூன்று அங்குலம்தான். கடைசி நேரத்தில் முழுப்பக்க விளம்பரம் வந்து செய்தி விழுந்துவிட்டால் அதுவுமில்லை. செய்தி திரட்டப் போன பஸ் கூலியும் தொலைபேசிச் செலவும் அனுப்பியவருடைய தலையில்.

இந்தக் கணக்கில் பஸ் கூலி மாத்திரமா அடங்கியிருக்கிறது? மயில்வாகனம் நிமலராஜனை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பி.பி.சி. தமிழோசைக்கும் சிங்கள சேவைக்கும், 'வீரகேசரி'க்கும், சிங்களப் பத்திரிகையான 'ராவய'வுக்கும் செய்தி அனுப்பிய சுதந்திரப் பத்திரிகையாளர் அவர். 2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி இரவு, ஊரடங்கு நேரத்தில், தம்முடைய வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். வீசப்பட்ட கைக்குண்டால் வீட்டிலிருந்தவர்களும் காயமடைந்தார்கள். அக்கொலைக்காக எவரும் தண்டிக்கப்படவில்லை. பல நிறுவனங்களுக்கு எழுதுகிறவர் எந்த ஒரு நிறுவனத்தின் சம்பளப் பதிவேட்டிலும் இருப்பதில்லை. ஆபத்து வரும்போது அது முழுதாக அவருக்கே வருகிறது. எங்கோ பாதுகாப்பான நாட்டில் சுதந்திரப் பத்திரிகையாளர் பேசும் ஒப்பந்தத்தில் பணம் முதல் வரியாக இருக்கலாம். நமது நாட்டில் முதல் வரி, எனக்கு ஏதாவது நடந்தால் என் வீட்டுக்கு யார் பொறுப்பு என்பதாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு வரியை எழுதிக் கேட்கும் துணிவு அன்றைக்கு எவருக்கும் இருக்கவில்லை. எழுதித் தரும் மனம் எந்த முகாமையாளருக்காவது இருந்திருக்குமோ, நான் அறியேன்.

கொட்டாஞ்சேனையில், ஜெம்பட்டா வீதிக்கு அருகில், எனக்கு மூத்த எழுத்தாளர் ஒருவர் இருந்தார். பெயர் வேண்டாம். ஒரே பத்திரிகையில் இருபத்தாறு வருடங்கள் வாரந்தோறும் எழுதியவர். வாசகர்கள் அவரை அப்பத்திரிகையின் ஆசிரியர் குழுவில் ஒருவர் என்றே எண்ணியிருந்தார்கள். நோய்வாய்ப்பட்டபோது அவருடைய மனைவி என்னிடம் எடுத்துக் காட்டியது, நறுக்குகள் ஒட்டிய பதினொரு சீ.ஆர். கொப்பிகள். ஊழியர் சேமலாப நிதி இல்லை. நம்பிக்கை நிதி இல்லை. பணிக்கொடையும் இல்லை. அவர் எழுதியவற்றைத் தொகுத்துப் புத்தகமாக்கலாம் என்று நாங்கள் முயன்றபோது, பத்திரிகையில் வந்தது பத்திரிகைக்கே சொந்தம், அனுமதி பெற வேண்டும் என்றார்கள். அந்தப் பதில்தான் என்னைச் சட்டப் புத்தகத்தின் பக்கம் தள்ளியது.

சட்டம் சொல்வது கேட்க வேண்டிய விஷயம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, ஒரு படைப்பின் உரிமை முதலில் அதைப் படைத்தவருக்கே. ஒருவர் ஊழியராக இருந்து, அந்த வேலையின் போக்கில் ஒன்றைப் படைத்தால் மாத்திரம், வேறு உடன்பாடு இல்லாதவிடத்து, அதன் பொருளாதார உரிமை தொழில் தருநருக்குச் சேரும். உரிமையைக் கைமாற்றுவதானால் எழுத்தில், கையொப்பத்துடன் இருக்க வேண்டும். அன்றாடச் செய்திக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. செய்தி எவருக்கும் சொந்தமானதல்ல. ஆனால் கட்டுரையும் பத்தியும் கதையும் அப்படியல்ல.

மறுபுறத்தில், ஊழியர் என்று ஒப்புக்கொண்டால் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வருகிறது. ஊழியர் 8 வீதம், தொழில் தருநர் 12 வீதம். 1980ஆம் ஆண்டுச் சட்டப்படி நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதினைந்து பேருக்குக் குறையாதோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்தவருக்கு, வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடை. சேமலாப நிதிச் சட்டத்தில் ஊழியர் என்பதற்கான வரைவிலக்கணம், ஒரு வேலையைத் தாமே செய்து தருவதாக ஒப்புக்கொண்டவரையும் உள்ளடக்கும் அளவுக்கு விரிந்தது. வாய்மொழி ஒப்பந்தமும் அதற்குப் போதும். வாரந்தோறும் ஒரே இடத்துக்கு இருபத்தாறு வருடம் எழுதியவருக்கு அது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது நாரஹேன்பிட்டியில் உள்ள தொழிற் திணைக்களத்தில் வாதாட வேண்டிய விஷயம். இந்தியாவில் 1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் பகுதிநேரப் பத்திரிகையாளரை வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அவர்களை வெளிப்படையாகச் சேர்க்க 1989இல் திருத்தம் வர வேண்டியிருந்தது. முப்பத்து நான்கு வருடங்கள்!

ஆக, நண்பருடைய விஷயத்தில் நடந்தது என்ன? சேமலாப நிதி என்று வந்தபோது அவர் ஊழியர் அல்லர். உரிமை என்று வந்தபோது மாத்திரம் ஊழியர். ஒரே மனிதரை இரண்டு கதவாலும் வெளியே அனுப்பிவிட்டார்கள். உள்ளே எடுத்தால் உள்ளே இருப்பவருக்கு உரியதைத் தர வேண்டும். வெளியே நிறுத்தினால் எழுதியது எழுதியவருக்கே. நான் கேட்கப் போனது இவ்வளவுதான்.

நேயர்களே, நான் வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓர் அனெக்ஸில் வசிக்கிறேன். கொழும்பின் பழைய தெருக்களைப் பற்றி ஞாயிறு பத்திரிகை ஒன்றில் எழுதி வந்தேன். ஒரு கட்டுரைக்காகத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இரண்டு அரை நாள், தெருவிலே ஒரு நாள், எழுத ஒரு நாள். 2022இல் ரூபாய் சரிந்தபோது கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதத்தைத் தொட்டது. கடதாசி கிடைக்காமல் சில பத்திரிகைகள் சனிக்கிழமைப் பதிப்பையே நிறுத்தின. எல்லாவற்றின் விலையும் ஏறியது. என் கட்டுரையின் விலை ஏழு வருடங்களாக நின்ற இடத்திலேயே நின்றது. ஒரு நாள் கணக்குக் கொப்பியைப் பார்த்தேன். கட்டுரையைத் தட்டச்சு செய்து தரும் கொமியூனிகேஷன் கடைக்கு நான் கொடுப்பது, பத்திரிகை எனக்குத் தருவதில் ஏறக்குறைய பாதியாகியிருந்தது.

கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் ஒரு கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, எழுதுகிறவர்கள் ஐந்து பேர் ஒரு மூலையில் நின்றோம். ஒருவருக்கொருவர் தொகையைச் சொல்லுவோமா என்று நான்தான் கேட்டேன். சிறிது நேரம் எல்லாரும் கோப்பையைப் பார்த்தார்கள். பிறகு சொன்னோம். ஒரே பத்திரிகை, ஏறக்குறைய ஒரே நீளம், மூன்று விதமான தொகை. ஆகக் குறைந்த தொகை பெற்ற இருவரும் பெண்கள். என்னிடம் ஒருமுறை உதவி ஆசிரியர் ஒருவர், "வீட்டிலை அவருக்குச் சம்பளம் வருகுதுதானே அக்கா" என்று சொன்னதன் பொருள் அன்றைக்குத்தான் முழுதாக விளங்கியது. தொகையை இரகசியமாக வைத்திருப்பது நம்முடைய மானத்தைக் காப்பதாக நினைத்திருந்தோம். அது காத்தது வேறொருவருடைய பணப்பெட்டியை.

அடுத்த வாரம் 101ஆம் இலக்க பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், அங்கிருந்து காரியாலயத்துக்கு நடந்தேன். ஆசிரியர் நல்லவர்; யாழ்ப்பாணத்தவர்; என் எழுத்தைத் திருத்தி வளர்த்தவரும் கூட. விஷயத்தைச் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்:

"பிள்ளை, நீர் காசுக்காகவே எழுதுறனீர்?"

"இல்லை சேர். ஆனால் நான் வந்த பஸ்காரன் காசுக்காகத்தான் ஓட்டுறான்."

சிரித்தார். சிரித்த பிறகுதான் பேச்சு தொடங்கியது. "தொகையைக் கூட்டுறது என்ரை கையிலை இல்லை" என்றார். அது உண்மை என்பதை அன்றைக்கு அறிந்தேன். ஆசிரியரால் தரக்கூடியவை வேறு, முகாமையாளரால் தரக்கூடியவை வேறு. கட்டுரையை முன்கூட்டியே கேட்டு எழுத்தில் உறுதி தருவது, வெட்டினால் அறிவிப்பது, பெயரை ஒழுங்காகப் போடுவது, புத்தகமாக்கும் உரிமை எழுதியவருக்கே என்று ஒரு வரி எழுதித் தருவது ஆகிய இவையெல்லாம் ஆசிரியரின் கையில் இருந்தன. ஒரு சதமும் செலவில்லாதவை. இருந்தும் இருபது வருடமாக எவரும் கேட்காதவை. அவற்றுக்கு அவர் அன்றே சம்மதித்தார். பணத்துக்கு மேல்மாடிக்குப் போகும்படி சொன்னார்.

மேல்மாடியில் இலக்கியம் பேசிப் பயனில்லை. முகாமையாளர் சிங்களவர், கணக்குப் படித்தவர், மரியாதையானவர். அவரிடம் என் செலவுக் கொப்பியை வைத்தேன். பத்தியில் வந்த தெருக்களின் கடைக்காரர்கள் இருவர் அந்தப் பக்கத்திலேயே விளம்பரம் போட்டிருந்ததைக் காட்டினேன். அதைத்தான் அவர் நெடுநேரம் பார்த்தார். இரண்டு மடங்கு கேட்டேன். ஒன்றரை மடங்குக்கு வந்து நின்றார். அதற்குமேல் அசையவில்லை. அப்போது தொகையை விட்டுவிட்டு வேறு இரண்டைக் கேட்டேன். பிரசுரமான மாதத்துக்கு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காசோலை. அவர்களாகக் கேட்டு நான் எழுதிக் கொடுத்தது அச்சேறாவிட்டால் பாதித் தொகை. முதலாவதற்கு உடனே சம்மதம். இரண்டாவதற்கு, "அச்சிடாத ஒன்றுக்கு எப்படிப் பணம்?" என்றார். "தைத்த சட்டையை நீங்கள் போட்டுக்கொள்ளாவிட்டால் தையற்காரருக்குக் கூலி இல்லையா?" என்றேன். என் சிங்களம் அவ்வளவு நல்லதல்ல. ஆனால் தையற்காரர் விளங்கினார். ஒரு பக்கத் தாள், இரண்டு கையொப்பம், ஆளுக்கொரு பிரதி.

வெற்றிக் கதையாக இதை முடித்துவிட்டால் அது பொய். எங்கள் ஐவரில் நால்வருக்கு அந்த வருடத்தில் ஏதோ ஒரு வகையில் தாள் கிடைத்தது. ஐந்தாமவருடைய பத்தி அவர் கேட்ட மறுமாதமே நின்றது. பக்கக் குறைப்பு என்றார்கள். நால்வரும் சேர்ந்து கடிதம் எழுதினோம், பதில் வரவில்லை. அவர் இப்போது சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் விளம்பர வாசகம் மொழிபெயர்க்கிறார். சொல் கணக்கில் பணம், மாத முடிவில் தவறாத காசோலை. பத்திரிகையில் எழுதியதைவிட வசதியாக இருக்கிறார். கதை எழுதுவதில்லை.

எல்லா இடத்திலும் பணம் கேட்க வேண்டும் என்பது என் கட்சியல்ல. டொமினிக் ஜீவா 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய 'மல்லிகை', பின்னர் கொழும்பு கதிரேசன் வீதிக்கு இடம்பெயர்ந்து 2012 வரை வந்தது. இதழைக் கையில் சுமந்து தாமே விற்ற மனிதரிடம் யார் போய்க் கணக்குப் பேசுவார்? சிற்றிதழுக்கு நான் இன்றும் இனாமாகத்தான் எழுதுகிறேன். இதழின் வரவு என்ன, செலவு என்ன என்று அதை நடத்துகிறவர் கண்முன்னே தெரிகிறது. அந்த இனாம் என் விருப்பம். விளம்பரப் பக்கங்கள் உள்ள பத்திரிகை அதையே என்னிடமிருந்து வழக்கமாக எதிர்பார்ப்பது வேறு விஷயம்.

உரிமை வரியைப் பற்றி இன்னும் ஒன்று. பத்திரிகைகள் இப்போது இணையத்திலும் வருகின்றன. பழைய இதழ்கள் மின்வடிவம் பெறுகின்றன. அமெரிக்காவில் ஜொனதன் டாசினியும் வேறு ஐந்து சுதந்திர எழுத்தாளர்களும் 'நியூயோர்க் ரைம்ஸ்' முதலிய நிறுவனங்கள்மீது தொடுத்த வழக்கில், 2001 ஜூன் 25ஆம் திகதி உயர் நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் எழுத்தாளர் பக்கம் தீர்ப்பளித்தது. அச்சிதழுக்குத் தந்த கட்டுரையை, தனி அனுமதியின்றி மின் தரவுத்தளத்தில் விற்க முடியாது என்பது தீர்ப்பு. அதன் பின் என்ன நடந்தது? உரிமையை எழுதித் தராவிட்டால் கட்டுரை தரவுத்தளத்திலிருந்து நீக்கப்படும் என்று பத்திரிகை அறிவித்தது. வென்றவர்கள் தம் எழுத்து மறையாமலிருக்க உரிமையைத் தாமே கொடுக்கும் நிலை. ஆகவே தீர்ப்பைக் காத்திருப்பதைவிட முதல் நாளில் ஒரு வரி எழுதி வாங்குவது மேல் என்று நினைக்கிறேன். என் தாளில் அந்த வரி இருக்கிறது: இணையத்தில் வெளியிடலாம், வேறொருவருக்கு விற்கக் கூடாது.

கொட்டாஞ்சேனை நண்பர் காலமாகிவிட்டார். அவருடைய கட்டுரைகளுக்கான உரிமையை எழுத்தில் கைமாற்றிய பத்திரம் இருந்தால் காட்டும்படி பத்திரிகைக்குக் கடிதம் போட்டோம். அப்படிப் பத்திரம் எதுவும் இல்லை. பதினொரு கொப்பிகளில் நான்கைத் தட்டச்சு செய்தாயிற்று.

என் தாளின் போட்டோப் பிரதி இப்போது பலரிடம் இருக்கிறது. போன மாதம் இளம் நிருபர் ஒருத்தி தொலைபேசியில் பேசினாள். கொழும்பு வடக்கில் செய்தி சேகரிக்கிறாள். தாளை எடுத்துக்கொண்டு போனாளாம். திகதிக்குச் சம்மதம், பெயருக்குச் சம்மதம், அச்சேறாததற்குப் பாதித் தொகை மாத்திரம் முடியாது என்றார்களாம். "அந்த வரியை வெட்டிப்போட்டு, அந்த இடத்திலை ஓட்டோக் கூலி எண்டு எழுதினனான் அக்கா. கையெழுத்து வைச்சிட்டாங்கள். பாதித் தொகையை ஜனவரியிலை திரும்பக் கேப்பம்" என்றாள்.